தொட்டிக்கிட்டதான் டவர் கிடைக்கும்

1

ஹட்டனிலும் அக்கரப்பத்தனையிலும் பூண்டுலோயாவிலும் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. அக்கரப்பத்தனையில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில், என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதுச்செய்தி இல்லை. இடி இடித்தால் காம்பரா என்கிற எங்கள் ஒற்றை அறைக்குள் ஓடி அடுப்போரம் உட்கார்ந்துகொள்கிற பிள்ளை நான்தான். இப்போது ஜெர்மனியின் வடக்கில், மருந்துக்குக்கூட ஒரு மேடு கிடையாத ஊரில், முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தரை தட்டையாக இருந்தால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது என்னோடு விமானம் ஏறி வந்திருக்கிறது.

இந்த மாத முடிவுக்குள், குழுவை நடத்துகிறவன் என்ற முறையில், நான் எல்லாருக்கும் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்துக் கீழ்மலைப் பிரிவு ஆட்களின் குழு எந்தச் சமூக வலைத்தளத்தில் இருக்கப் போகிறது என்பதுதான் அது. கேட்கிறவருக்குச் சிரிப்பு வரும். என் மனைவிக்கும் வந்தது. "நாட்டையே மாத்திட்டு வந்தவருக்கு இது ஒரு யோசனையா?" என்றாள். ஆனால் என் தங்கை சரோசா அங்கே ஏழாம் லயத்து வரிசை வீட்டில் இருக்கிறாள். லயத்துக்குப் பின்னால் இருக்கிற மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது. போன மழைக்கு ஒரு விரல் நுழைந்த இடத்தில் இப்போது கையே நுழைகிறது.

2

கதையை ஒழுங்காகச் சொல்கிறேன்.

வெடிப்பைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். அளந்தார்கள். ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். தாள் சிங்களத்தில் இருந்தது. கடை வீதியில் பேசுகிற சிங்களம் எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அரசாங்கச் சிங்களம் வேறு சாதி. சரோசாவின் மகள் அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டாள். குவைத்தில் வீட்டு வேலை செய்கிற எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி அன்று மாலைக்குள் தமிழில் எழுதிவிட்டாள். அபாய வலயம், மழை நேரத்தில் தங்கக் கூடாது, நிரந்தரமாக வெளியேற வேண்டும். எங்கே போவது என்று மட்டும் அந்தத் தாளில் இல்லை. காணி கேட்டுத் தோட்டத்துக் காரியாலயத்துக்குப் போனால், கச்சேரிக்கு, அதுதான் அரசாங்க அலுவலகத்துக்கு, போகச் சொல்கிறார்கள். கச்சேரியில் தோட்டத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். ஆகவே மழை பெய்தால் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்குவது, வெயில் வந்தால் ஏறி வீட்டுக்குப் போவது. இதுதான் இப்போது அங்கே வாழ்க்கை.

அந்தக் குழு முதலில் ஒரு பெரிய கம்பெனியின் தளத்தில் இருந்தது. ஒருநாள் காலையில் திறந்தால், விதிமீறல் என்று மூடியிருந்தார்கள். என்ன விதி, யார் மீறியது என்று கேட்டு எழுதினேன். இயந்திரம்தான் பதில் போட்டது. பிறகு கைப்பேசி எண்ணை வைத்துச் சேர்கிற குழு ஒன்றுக்குப் போனோம். வெளிநாட்டில் தனியாக வேலை செய்கிற நம் பெண்களின் எண்கள் எல்லார் கைக்கும் போயின. கண்டவர்களும் அவர்களைக் கூப்பிடத் தொடங்கினார்கள். குவைத்துக்காரி முதலில் வெளியேறினாள். எங்களுக்கு அவள் இல்லாமல் ஆகாது.

அப்போதுதான் என் மகள் திவ்யா வேறு வழி சொன்னாள். கணினிப் படிப்பு படிக்கிறாள். ஒரே கம்பெனியின் கையில் இல்லாத வலைத்தளங்கள் இருக்கின்றனவாம். ஆளாளுக்குத் தனிக் கணினி வைத்து நடத்துகிறார்கள். நாம் எந்தக் கணினியில் கணக்கு வைத்தாலும் அடுத்ததில் இருக்கிறவரோடு பேசலாம். லயம் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன், காம்பரா தனித்தனி, கூரை ஒன்று. வித்தியாசம் என்னவென்றால், இங்கே எந்தக் காம்பரா என்பதைத் தோட்டத்தை நடத்துகிற தொரை தருவதில்லை, நாமே பார்த்துப் பிடிக்க வேண்டும்.

3

முதலில் போனது அப்படி ஒரு தளத்துக்கு, ஒரு பழைய வீட்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு ஜெர்மனியில் ஒரு பெரியவர் பல வருஷமாகத் தன் செலவிலும் நன்கொடையிலும் நடத்துகிறார். பார்க்க ஒன்றுமில்லை. எழுதலாம், சின்னதாக ஒரு படம் போடலாம், அவ்வளவுதான். குரல் பதிவு கிடையாது. தமிழில் தேடினால் பாதி கிடைக்காது. ஆனால் அது நின்று நான் பார்த்ததில்லை. நிறுத்த வேண்டியிருந்தால் ஒரு வாரம் முன்னதாக அறிவிப்பார். பழைய கைப்பேசியிலும் திறக்கும், ஒற்றைக் கோடு டவரிலும் ஊர்ந்துகொண்டாவது போய்ச் சேரும்.

அங்கே நாங்கள் பெரட்டு வைத்தோம். வெளி ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதுதான் பெரட்டு. மழைக்காலத்தில் ஒவ்வொரு லயமும் காலையில் ஒரு வரி எழுத வேண்டும். ஐந்தாம் லயம் இருக்கோம், ஆறாம் லயம் இருக்கோம், இப்படி. பதில் இல்லாத லயத்தை யாராவது போய்ப் பார்க்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஏழாம் லயத்திலிருந்து மட்டும் பல நாள் வராது. சரோசாவுக்கு எழுத வராது. பள்ளிக்கூடத்துக்கு மூன்று வருஷம் போனாள், பிறகு தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அவள் புருஷன், என் மச்சான் மகேந்திரன், ஹட்டனில் ஓட்டோ ஓட்டுகிறார், விடிவதற்கு முன்னாலேயே போய்விடுவார். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு லயத்தில் இருப்பதும், கொழுந்து எடுக்க ஏறும்போது வெடிப்பைக் கண்ணால் பார்ப்பதும் சரோசாவும் அவளைப் போன்ற பெண்களும்தான். பார்க்கிறவர்களுக்கு எழுத வராது, எழுத வருகிறவர்கள் அங்கே இல்லை.

திவ்யா இன்னொரு வீட்டைக் கண்டுபிடித்தாள். இளைஞர்கள் சிலர் புதிதாகத் தொடங்கியது. குரலிலேயே செய்தி போடலாம். தமிழ் முகப்பு உண்டு. மொழிபெயர்ப்பு உண்டு. மழை எச்சரிக்கைகூடத் தானாக வரும். பளபளவென்று தீபாவளிக் கடை மாதிரி இருந்தது.

"அடிக்கடி நிக்குமாமே," என்றேன்.

"புதுசு அப்பா. வளரும். அத்தை பேசலாம், யோசிச்சுப் பாருங்க," என்றாள். தமிழில் இவ்வளவு நீளமாக அவள் பேசி மாதக்கணக்காகியிருந்தது. அவள் அத்தையின் பெயரைச் சொன்னதில் நான் விழுந்துவிட்டேன். ஊரோடு இந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே கயிறு அது, அதை நான் அறுக்கக் கூடாது என்று நினைத்தேன். எல்லாரையும் புதிய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மச்சான் மட்டும் வரவில்லை. அவருடைய கைப்பேசியில் அது ஏறவில்லை. "நான் இங்கனயே கெடக்கேன் மச்சான், நீங்க போங்க," என்றார். ஆளுக்கு ஆள் பேசலாமே தவிர, பழைய குழுவில் எழுதுவது புதிய குழுவில் தானாக விழாது.

4

முதல் மாதம் கலியாண வீடு மாதிரி இருந்தது. சரோசா தினமும் பேசினாள். வெடிப்பைப் பற்றி, கொழுந்து நிறுவையில் கழிக்கிற கிலோவைப் பற்றி, பீலிக் குழாயில் தண்ணீர் கலங்கி வருவதைப் பற்றி. பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். மற்றப் பெண்களும் பேசத் தொடங்கினார்கள். எழுத்தில் ஒரு நாளும் கேட்டிராத குரல்கள். அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

குறைகளும் தெரிந்தன. மழை எச்சரிக்கை வரைபடத்தில் எங்கள் தோட்டம் இல்லை, ஹட்டன்தான் இருந்தது. ஹட்டனில் வெயில் அடித்தால் எங்களுக்கும் வெயில் என்றது. லயத்துக்கு மேலே மண் வெடித்திருக்கிறது என்று ஒருத்தி சொன்னதை, தாளத்துக்கு மேலே நிலம் வெடிக்கிறது என்று மொழிபெயர்த்தது. திவ்யா விழுந்து விழுந்து சிரித்தாள். வாரத்துக்கு ஒரு தடவையாவது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கும். வட்டம் சுற்றும்போதெல்லாம் நான் மலையைத்தான் நினைப்பேன்.

இன்னொன்று நடந்துகொண்டிருந்தது, அது எங்களுக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு கணக்கு வைக்க வேண்டும் என்று திவ்யா சொல்லியிருந்தாள். எல்லாரும் சரி சரி என்று தலையாட்டினார்கள். பிறகு ஏழாம் லயத்தில் ஒரே கணக்கை எல்லாக் காம்பராவும் வைத்துக்கொண்டன. பெயரே ஏழாம் லயம் என்றுதான். அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. பீலி ஒன்று, கோயில் ஒன்று, தோட்டத்திலிருந்து எது வந்தாலும் லயத்துக்கு ஒன்றுதான் வரும். பெரட்டில் லயத்தைத்தானே கூப்பிடுகிறோம், ஆளைக் கூப்பிடுவதில்லையே. ஒரு கணக்கு போதாதா என்று அவர்களுக்குத் தோன்றியது. நான் அங்கே இருந்திருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

5

அன்றைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. சமையலறைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். தேநீர் இடைவேளையில் எடுத்துப் பார்த்தேன். அங்கே அப்போது மத்தியானம் தாண்டியிருக்கும். புதிய வீட்டில் எல்லா லயமும் பேசியிருந்தன. மழை, பெருமழை, இறங்குகிறோம். ஏழாம் லயத்திலிருந்து ஒன்றும் இல்லை. சரோசாவைக் கூப்பிட்டேன். போகவில்லை. மகளைக் கூப்பிட்டேன். போகவில்லை. அவசரத்தில் தவறிப் பழைய வீட்டைத் திறந்துவிட்டேன். வாரக்கணக்காக நான் எட்டிப் பார்க்காத இடம். பெருமழைக்கு அன்று ஓட்டோ எடுக்காத மச்சான் எழுதியிருந்தார்.

"எல்லாரும் ஸ்கூலுக்கு எறங்கிட்டோம். சரோசாவ மட்டும் காணோம். வாய்ஸ் போகலன்னு டவர் தேடித் தொட்டிக்குப் போயிருக்கான்னு புள்ளைங்க சொல்லுது."

தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். லயத்துக்கு மேலே, வெடிப்புக்கு நேர் கீழே. எங்கள் பக்கத்தில் நல்ல டவர் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். கலியாணம் பேசவும் சாவு சொல்லவும் எல்லாரும் அங்கேதான் ஏறுவார்கள்.

நடந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. புதிய வீட்டுக்காரர்கள் அன்றைக்குப் பாதுகாப்புக்கென்று புதிதாக ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். ஒரே கணக்கைப் பல கைப்பேசியில் திறந்தால் திருட்டு என்று எடுத்துக்கொண்டு மூடிவிடும். ஏழாம் லயம் மூடிக்கொண்டது. ஏன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டியிருக்கும். சரோசா அதை எப்படிப் படிப்பாள்? மலையில் எது போகவில்லை என்றாலும் டவர் இல்லை என்றுதான் அர்த்தம். அவள் டவர் தேடி ஏறிவிட்டாள்.

மச்சானுக்கு எழுதினேன். "எறங்கச் சொல்லு. எனக்கு ஒண்ணும் அனுப்ப வேணாம்." விரல் வழுக்கி இரண்டு தடவை அழித்து எழுதினேன். இடைவேளை முடிந்துவிட்டது என்று மேற்பார்வைக்காரி வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். மண்சரிவுக்கு ஜெர்மன் வார்த்தை எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் அது தேவைப்பட்டதில்லை. என் தங்கை, மலை, மலை நடந்து வருகிறது என்று சொன்னேன். விடுமுறைக்கு மலை ஏறப் போகிறாளா, நல்லது என்றாள். கைப்பேசியைப் பூட்டிவிட்டு உள்ளே போய்க் கரட் சீவினேன்.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது. கரட் சீவினேன், உருளைக்கிழங்கு கழுவினேன், யாரோ சொன்னதற்கெல்லாம் சரி என்றேன். பழைய வீட்டில் இருந்திருந்தால் சரோசா எதற்குத் தொட்டிக்குப் போகப் போகிறாள்? எழுதத் தெரியாதவள் பேசாமல் பிள்ளைகளோடு இறங்கியிருப்பாள். அவளைப் பேச வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு நானும் என் மகளும் அவளை வெடிப்புக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். மறுபடி மறுபடி இதே நினைப்புத்தான்.

சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். மச்சான் ஒரே வார்த்தை எழுதியிருந்தார். "வந்துட்டா." அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அன்று மாலை மண் இறங்கியது. தொட்டியையும் எங்கள் லயத்தின் கடைசி இரண்டு காம்பராவின் அடுப்படியையும் கொண்டுபோனது. ஆளுக்குச் சேதமில்லை.

6

மூன்று நாள் கழித்துத் திவ்யா எழுதிக் கேட்டதில் கணக்கைத் திறந்துவிட்டார்கள். அடைபட்டுக் கிடந்த குரல் பதிவு வந்து சேர்ந்தது. தகரத்தில் கொட்டுவது மாதிரி மழைச் சத்தம். அதற்குள்ளே அவள் கத்துகிறாள்.

"அண்ணே, நாங்க எறங்கப் போறோம். ஒண்ணுமில்ல. நீங்க வேலையில இருந்துகிட்டு பயப்படுவீங்கன்னுதான் சொல்றேன். பயப்படாதீங்கண்ணே, கேட்டுச்சா?"

கேட்டது. திவ்யாவும் பக்கத்தில் இருந்து கேட்டாள். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். சரோசா தன் பயத்தில் தொட்டிக்குப் போகவில்லை. என் பயத்துக்காகப் போயிருக்கிறாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இந்தப் பேச்சுத்தான். திவ்யா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தப்பு புதிய வீட்டின் மேல் மட்டும் இல்லை, ஒரு கணக்கை ஊரே வைத்துக்கொண்டால் எந்தத் தளமும் சந்தேகப்படும், அதைச் சரிசெய்துவிடலாம் என்கிறாள். பழையதற்கே போனால் அத்தை மாதிரி இருக்கிறவர்கள் மறுபடி வாய் பொத்திக்கொள்ள வேண்டும் என்கிறாள். இரண்டு வீட்டிலும் இருந்தால் என்ன என்றும் கேட்டாள். ஆனால் எல்லாரும் இங்கே, மச்சான் மட்டும் அங்கே என்று இருந்ததால்தானே அன்றைக்கு நான் தவறித் திறக்கும்வரை அவர் எழுதியதை ஒருவரும் பார்க்கவில்லை. புதிய வீட்டின் குரல் பழைய வீட்டில் வெறும் ஒரு கோடாகத்தான் தெரிகிறது.

பழைய வீட்டுப் பெரியவருக்கு எழுதிக் கேட்டேன், குரல் பதிவு சேர்க்க முடியுமா என்று. மரியாதையாகப் பதில் போட்டார். சேர்க்க முடியும், ஆனால் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் தன்னுடைய தளமும் அடிக்கடி நிற்கத் தொடங்கும், ஆகவே மாட்டேன் என்றார். கடைசியில், போன மாதம் நெஞ்சில் அறுவைச் சிகிச்சை நடந்தது, இப்போது பரவாயில்லை என்றும் ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து எனக்குப் புதிதாக ஒரு பயம். இத்தனை வருஷம் நிற்காமல் ஓடியதே, அது எழுபது தாண்டிய ஒரு மனிதனின் நெஞ்சை நம்பித்தான் ஓடுகிறது. உறுதி உறுதி என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சரோசாவோடு பேசினேன். பள்ளிக்கூடத்திலிருந்து லயத்துக்குத் திரும்பியிருந்தார்கள். போக வேறு இடம் இல்லை.

"தங்கச்சி, நீயே சொல்லு. எதுல இருக்கலாம்?"

"எனக்கென்ன தெரியும். பழசுல எனக்கு எழுத வராது. புதுசுல பேசலாம், அது நின்னு நின்னு போவுது." பிறகு கேட்டாள், "எதுல சொன்னா இந்த மல நிக்கும்ணே?"

"பழசுலயே இருங்க," என்றாள் அவளாகவே. "அவரு எழுதட்டும். வெயில் நாள்ல நான் போன்ல பேசுறேன். மழ நாள்ல என்கிட்டருந்து ஒண்ணும் எதிர்பாக்காதீங்க."

"ஒண்ணும் வரலேன்னா நான் எப்படிடீ இருப்பேன்?"

"ஒண்ணும் வரலேன்னா நான் எறங்கிட்டேன்னு வச்சுக்கோங்க. சொல்றதுக்காக இனிமே நிக்க மாட்டேன். புள்ளைங்கள இழுத்துக்கிட்டு எறங்கிருவேன். அதுக்குச் சம்மதிச்சீங்கன்னாத்தான் எனக்கு நிம்மதி."

சம்மதித்தேன். திவ்யாவிடமும் சொல்லிவிட்டேன், பழைய வீடுதான் என்று. அவள் வாக்குவாதம் பண்ணவில்லை. பழைய வீட்டில் இருப்பதையெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை பிரதி எடுத்து வைப்பதாகச் சொன்னாள், அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று. அவளும் பயப்படத் தொடங்கிவிட்டாள். என் மகள்தான், சந்தேகமில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அக்கரப்பத்தனையில் மழை. காலையிலிருந்து விடவில்லை என்று ஐந்தாம் லயத்தார் எழுதியிருக்கிறார்கள். மச்சான் சவாரிக்குப் போன இடத்தில் பாதை அடைபட்டு நிற்கிறாராம். ஏழாம் லயத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. அப்படியென்றால் சரோசா பிள்ளைகளோடு இறங்கிவிட்டாள். நான் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், சம்மதித்திருக்கிறேன்.